ஆள் குறைந்த பக்கம்

அன்ரியிடம் போய் இன்னொருவரைப் பற்றிக் குறை சொல்லக்கூடாது என்பது லண்டன் டூட்டிங்கில் எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் போய்ச் சொல்வார்கள். அவர் கேட்கிற அழகு அப்படி. தலையை ஒரு பக்கம் சாய்த்து, "ஐயோ பாவம்", "பிறகு?", "உண்மையாவோ?" என்று கேட்டுக்கொண்டே தேத்தண்ணீர் ஊற்றித் தருவார். நீங்கள் குடித்து முடித்துக் கோப்பையை வைத்ததும், "அது சரி, அவளின்ரை பக்கத்தையும் பாக்கவேணுமெல்லோ" என்று தொடங்குவார். அதோடு உங்கள் கதை முடிந்தது. அரை மணித்தியாலத்துக்குள் நீங்கள்தான் குற்றவாளி. வெளியே வரும்போது, குறை சொல்லப்போன மனிசியிடமே மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டு வருவீர்கள்.

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. டூட்டிங்கில் அரைவாசிப் பேருக்கு அவர் அன்ரி, எனக்கும் அன்ரி. அவர் போய்ச் சில வருடங்களாகின்றன. இருந்திருந்தால் இதை வாசித்துவிட்டு, "என்னைப் பற்றி நல்லதா எழுதிப்போட்டீர், நான் ஏசின ஆக்களின்ரை பக்கத்தை ஆர் எழுதுறது?" என்று கேட்டிருப்பார்.

விம்பிள்டன் நடக்கும் நாட்களில் அவர் வீட்டில் இருந்து ரெனிஸ் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். யார் பின்னுக்கு நிற்கிறாரோ அவர்தான் அன்ரியின் ஆள். "அடி ராசா, அடி!" என்று கதிரையின் நுனிக்கு வந்துவிடுவார். அந்த ராசாவும் இவர் சொல் கேட்டதுபோல அடித்து அடித்துச் சமனுக்கு வருவான். அன்ரி அமைதியாகிவிடுவார். அவன் முந்தினானோ, போச்சு. "உவனுக்கு இப்ப திமிர் வந்திட்டுது" என்று மற்றவன் பக்கம் தாவுவார். அங்கிள் பொறுமைசாலி. அவரே ஒருநாள் தாங்காமல், "மனிசி, உனக்கு ஆர் வெல்லவேணும்? அதைச் சொல்லன்!" என்று கத்தினார்.

"தோக்கிறவன்," என்றார் அன்ரி.

அப்பர் டூட்டிங் வீதியில் அன்ரியின் தம்பிக்கு ஒரு பலசரக்குக் கடை இருந்தது. நான் அங்கேதான் வேலை செய்தேன். அன்ரிக்குப் பிள்ளைகள் இல்லை. பொழுது போகாத நேரமெல்லாம் வந்து கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். வருகிற சனத்திடம், "முருங்கைக்காய் இண்டைக்கு வேண்டாம் பிள்ளை, முத்தல். வெள்ளிக்கிழமை புதுசு வரும், அப்ப வாரும்" என்பார். தம்பிக்கு முகம் கறுக்கும். சரி, கடைக்காரருக்கு எதிரி என்று நினைத்தால் அதுவும் இல்லை. வெண்டிக்காயை ஒவ்வொன்றாக நுனி முறித்துப் பார்த்துவிட்டு வாங்காமல் நகர்கிற ஆட்கள் இருக்கிறார்களே, அவர்களைக் கண்டால், "எல்லாத்தின்ரை மூக்கையும் முறிச்சு வச்சிட்டுப் போனால் கடைக்காரன் என்ன செய்யிறது? அவனும் பிள்ளைகுட்டிக்காரன்" என்று கடை முழுக்கக் கேட்கச் சத்தம் போடுவார்.

"அன்ரி, நீங்கள் ஆற்றை பக்கம்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அந்தந்த நேரம் எந்தப் பக்கம் ஆள் குறைவோ, அந்தப் பக்கம்," என்றார். ஏதோ பஸ் நம்பர் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னார்.

ஆள் குறைவு என்றால் அந்த நாளில் என்னைவிட ஆள் குறைந்தவன் லண்டனில் இருந்திருக்கமாட்டான். நான் வந்த காலத்தில் வந்தவர்களுக்கு வேலை செய்ய அனுமதி கொடுத்தார்கள், விசாதான் கொடுக்கவில்லை. அகதிக் கேஸ் போட்டு, அது தள்ளுபடியாகி, அப்பீல் போட்டு, அதுவும் தள்ளுபடியாகி, திரும்பவும் ஒன்று போட்டு, அது எங்கேயோ ஒரு மேசையில் கிடந்தது. மாதம் ஒருமுறை ஹோம் ஒஃபிசின் குடிவரவு அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்து வைக்கவேண்டும். வைக்கப் போகிறவர்களில் சிலரை அப்படியே பிடித்து வைத்துவிடுவதும் உண்டு. அம்மாவும் தங்கச்சியும் யாழ்ப்பாணத்தில். இங்கே எனக்கென்று இருந்தவர்கள் என்னோடு அறையில் படுத்த மூன்று பெடியங்கள் மட்டும்தான்.

இந்த லட்சணத்தில் எனக்குக் காதல் வந்தது. அதுவும் முதலாளியின் மகள் மேல். தாரணி சனிக்கிழமைகளில் வந்து கடையின் கணக்குப் பார்ப்பாள். லண்டனில் பிறந்தவள். "கோப்பி வேணுமோ?" என்று கேட்டதில் தொடங்கியது. மிச்சத்தைச் சொல்லமாட்டேன், அது எங்கள் சொந்த விசயம்.

யாருக்கும் தெரியாதென்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். ஒருநாள் நான் பருப்பு மூட்டை தூக்கிக்கொண்டிருக்க, அன்ரி வாளியில் இருந்தபடி கேட்டார்.

"தம்பி, உமக்கும் என்ரை தம்பிக்கும் ஏதும் மனஸ்தாபமோ?"

"இல்லையே அன்ரி. ஏன்?"

"எல்லாப் பெடியளும் அவனை அண்ணை எண்டு கூப்பிடுறாங்கள். நீரும் அப்பிடித்தான் கூப்பிட்டனீர். இப்ப ஒரு மாதமா முதலாளி, முதலாளி எண்டுறீர்."

மூட்டை கையில் இருக்க எனக்கு வியர்த்துவிட்டது. வேறு என்ன செய்ய? அவரை அண்ணை என்றால் அவருடைய மகள் எனக்குப் பெறாமகள் முறையாகிவிடுவாளே! மாமா என்று கூப்பிடவும் வழியில்லை. அதனால்தான் முதலாளி. ஏழெட்டுப் பேர் நடமாடுகிற கடையில் அதைக் கவனித்தது அன்ரி ஒருவர்தான். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஓகோ," என்றார். "சனிக்கிழமைக் கணக்குப்பிள்ளையோ?"

அன்ரி என்னைக் கட்டிப்பிடித்து ஆசீர்வதித்தார் என்று எதிர்பார்க்கிறீர்களா? ஒரு கிழமை என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பிறகுதான் காரணம் விளங்கியது. நானும் தாரணியும் இரண்டு பேர், தம்பி ஒருத்தன். அன்ரி தம்பியின் பக்கம் நின்றார்! விசயம் வெளியே வந்து, பெரியப்பா, சித்தப்பா, கனடாவிலிருந்து போன் எடுத்த பெரியம்மா என்று மொத்தச் சொந்தமும், "உவன் விசாவுக்கும் வீட்டுக்கும்தான் சுத்துறான்" என்று ஒன்றாகக் குரல் கொடுத்த அன்றைக்குத்தான் வாளியை இழுத்து என் பக்கமாகப் போட்டுக்கொண்டார்.

முதலாளியைக் கெட்டவர் என்று நினைக்கவேண்டாம். கத்தவில்லை, கைநீட்டவில்லை, வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஒரு பின்னேரம் முழுக்க மிளகாய்த்தூள் நிறுத்துப் பைகளில் கட்டினார். பிறகு சம்மதம் என்றார். ஆனால் ஒரு பேப்பர் எழுதவேண்டும்.

ரெய்னர்ஸ் லேனில் அவர்கள் குடியிருந்த வீடு தாரணியின் பெயரில் இருந்தது. பெண்பிள்ளைக்குச் சீதன வீடு என்று பழைய யோசனையில் வாங்கிப் பெயரை எழுதிவிட்டார். ஊரில் மாப்பிள்ளை சீதனத்தை எழுதி வாங்குவான். இங்கே சீதனம் கேட்காத மாப்பிள்ளையிடம், பிரிந்தாலும் வீட்டில் பங்கு கேட்கவே மாட்டேன் என்று மாமனார் எழுதி வாங்கவேண்டிய காலம் வந்துவிட்டது. அவருக்குத் தெரிந்த ஒருவரின் மகளை, விசா கிடைத்த கையோடு மாப்பிள்ளை விட்டுப் போய்விட்டானாம். அந்தக் கதை அவர் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

கையெழுத்து வைக்க என்னை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். அன்ரியும் அங்கிளும் வந்திருந்தார்கள். இடியப்பம், சொதி, சம்பல். சாப்பாட்டுக்கு நடுவிலேயே பேப்பரை எடுத்து என் முன்னால் வைத்தார் முதலாளி.

"தம்பி, உம்மிலை நம்பிக்கை இல்லாமல் இல்லை. ஆனால் நாளைக்கு ஒண்டு நடந்தால் நாங்கள் எல்லாரும் றோட்டிலை. உமக்கும் ஒரு லோயர் வேணுமாம், அதையும் நானே ஒழுங்கு பண்ணிட்டன். என்ரை லோயரின்ரை மச்சான்தான், பக்கத்து அறை. உமக்கு ஒரு கரைச்சலும் இல்லை."

அவர் அதைக் கள்ளமாகச் சொல்லவில்லை. கலியாணத்துக்குச் சமையல்காரர், மேளகாரர் எல்லாம் ஒழுங்கு செய்தவர், மாப்பிள்ளைக்கு ஆளில்லையே என்று அவனுக்கு லோயரையும் ஒழுங்கு செய்துவிட்டார். அவருக்கு அது உபகாரம்.

நான் ரோசக்காரன். எனக்குத் தாரணி போதும், செங்கல்லும் சீமெந்தும் யாருக்கு வேண்டும்? "எங்கை கையெழுத்து வைக்கிறது?" என்று பேனையை எடுத்தேன்.

"ப்ளீஸ், வாசிச்சிட்டு," என்று மேசைக்குக் கீழே காலால் உதைத்தாள் தாரணி.

அந்த நேரம் பார்த்து அன்ரி, "தம்பிக்குச் சொதி காணாது" என்று அகப்பையோடு குனிந்தார். அகப்பை சரிந்தது. பேப்பரின் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை மஞ்சளாக ஊறி, ஒரு பச்சை மிளகாயும் ரம்பை இலையும் என் பெயருக்கு மேலே படுத்துக் கிடந்தன.

"ஐயையோ, கை தவறிப்போச்சு," என்றார் அன்ரி.

நூறு பேர் பந்தியில் ஒரு சொட்டுச் சிந்தாமல் பரிமாறுகிற கை அது. முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு, புதுப் பிரதி எடுக்க ஒரு கிழமையாகும் என்றார். "ஆகட்டும், என்ன அவசரம்?" என்று அன்ரி எனக்கு இன்னும் இரண்டு இடியப்பம் வைத்தார். ஊறின பேப்பரைத் துடைத்துத் தன் பையில் போட்டுக்கொண்டதை நான் மட்டும்தான் கண்டேன்.

மறுநாள் காலை என்னை இழுத்துக்கொண்டு லூயிஷாமுக்குப் போனார். அங்கே இலவசமாகச் சட்ட ஆலோசனை சொல்லும் இடம் ஒன்று இருந்தது. போகிற வழி முழுக்க நான் முறுகிக்கொண்டே போனேன்.

"எனக்கு ஒண்டும் வேண்டாம் எண்டு சொல்லுறன், பிறகு என்னத்துக்கு அன்ரி லோயர்?"

"என்ன வேண்டாம் எண்டு தெரிஞ்சு வேண்டாம் எண்டு சொல்லும். நீர் அந்தப் பேப்பரை வாசிச்சனீரோ? இல்லை. அது ரோசம் இல்லைத் தம்பி, பஞ்சி. வாசிக்கச் சோம்பல். நான் ராத்திரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுக்க வாசிச்சனான். கடைசிப் பந்தியை வாசியும்."

ரயிலில் நின்றபடி வாசித்தேன். சொதி வாசம் மூக்கில் அடித்தது. எங்களுக்குள் பிரிவு வந்தால் தாரணி உடனே ஹோம் ஒஃபிசுக்கு அறிவிப்பாள், நான் ஒரு மறுப்பும் சொல்லாமல், எந்த மனுவும் போடாமல் நாட்டைவிட்டுப் போகச் சம்மதிக்கிறேன் என்று இருந்தது. வீட்டுக் கதையை வாசித்தபோது வராத கோபம் இப்போது வந்தது. கோபத்துக்குப் பின்னால் பயமும் வந்தது. அந்தப் பெட்டிக்குள் நின்ற அத்தனை பேரும் இறங்கிப் போகலாம், என்னை மட்டும் இறக்கிவிடலாம் என்பதுபோல இருந்தது.

லோயர் ஒரு இளம் பெண். நான் வாயைத் திறக்க முதல் அன்ரி தொடங்கிவிட்டார். தன்னுடைய லண்டன் இங்கிலிஷில் தம்பியின் பக்கத்தை, அவருடைய பயத்தை, விட்டுப்போன அந்த மாப்பிள்ளையின் கதையை எல்லாம் உருக்கமாக எடுத்துச் சொன்னார். லோயர் குழம்பிப்போய், "மன்னிக்கவேண்டும், இந்த அம்மா யாருக்காக வந்திருக்கிறார்?" என்று என்னிடம் கேட்டாள். எனக்கும் அது சரியாகத் தெரியவில்லை.

பொறுமையாக வாசித்துவிட்டு அவள் சொன்னது இதுதான்: வீட்டைப் பற்றிய பகுதி நியாயமானது, விருப்பமென்றால் வைக்கலாம். ஆனால் இரண்டு பக்கமும் ஒளிவுமறைவில்லாமல், அவரவர் லோயரைக் கண்டு, கலியாணத்துக்கு நல்லாய் முன்பாக, நெருக்குதல் இல்லாமல் வைக்கவேண்டும். எதிர்ப்பக்கம் பிடித்துத் தருகிற லோயர் என் லோயர் ஆகமாட்டார். கடைசிப் பந்தியை மட்டும் எந்தக் காரணம் கொண்டும் ஏற்கக்கூடாது. ஒரு மனிதன் தன் வழக்கைச் சொல்கிற உரிமையை இப்படி எழுதி வாங்குவது சரியில்லை.

"கேட்டீரோ?" என்று அன்ரி என் தோளில் தட்டினார். "பாதி அவன் சரி, பாதி நீர் சரி." அவருக்கு அதில் அப்படி ஒரு சந்தோசம்.

லோயர் எழுதினாள், தாரணி தகப்பனிடம் பேசினாள். மற்றதெல்லாவற்றுக்கும் ஒத்துக்கொண்ட முதலாளி கடைசிப் பந்தியில் மட்டும் மசியவில்லை. "அது என்ரை பிள்ளைக்குக் காவல்" என்று நின்றார். அது இல்லாவிட்டால் பொன்னுருக்கலுக்குச் சம்மதமில்லை என்றார். தாரணி அன்ரிக்குப் போன் எடுத்து, "மாமி, நீங்களே அப்பாவோட கதையுங்கோ. நான் கதைச்சா க்ரை பண்ணிடுவன். நான் அழுதா அப்பாவும் அழுவார், பிறகு அவர்தான் வெல்லுவார்" என்றாளாம்.

எங்கள் கலியாணங்கள் பொன்னுருக்கலோடுதான் உறுதியாகும். தாலிக்கான பொன்னை மாப்பிள்ளை வீட்டில் வைத்து, இரண்டு பக்கத்தாரும் பார்த்திருக்க நகை செய்யும் பத்தர் உருக்குவார். பொன் உருகிவிட்டால் பிறகு வீட்டில் சாவு விழுந்தாலும் கலியாணம் நிற்காது. அதனால்தான் முதலாளி அதற்கு முதல் எல்லாம் முடியவேண்டும் என்று நின்றார். எனக்கோ மாப்பிள்ளை வீடு என்று ஒன்றே இல்லை. அம்மா போனில், "பொன்னுருக்க ஆரடா உனக்கு அங்கை இருக்கினம்?" என்று கேட்டு அழுதார். ஊரில் அத்தனை சனம் செத்து யுத்தம் முடிந்த அந்த 2009ஆம் ஆண்டு வைகாசிக்குப் பிறகு எங்கள் ஆட்கள் ஒருவரும் சத்தமாகச் சிரித்து நான் கேட்கவில்லை. கடைக்கு வருகிறவர்கள் சாமானை வாங்கிக்கொண்டு பேசாமல் போனார்கள். எங்கேயாவது ஒரு நல்ல காரியம் நடக்காதா என்று எல்லாருக்கும் ஏக்கமாக இருந்தது. என் கதையைக் கேட்ட அன்ரி கோபித்துக்கொண்டார்.

"ஆர் இருக்கினமோ? ஏன், நானென்ன செத்தே போனன்? கொம்மாவிட்டைச் சொல்லும், மாப்பிள்ளை வீடு டூட்டிங்கிலை, எங்கடை பிளாட் எண்டு."

"அன்ரி, நீங்கள் பொம்பிளை வீட்டுக்காரர் எல்லோ?"

"தாரணி பிறந்த நாளிலை இருந்து நான் அவளுக்கு மாமி. எனக்கு ஒரு மகன் இருந்தால் அவனுக்குத்தானே அவள் உரிமை. எனக்கு இல்லை, உம்மை எடுக்கிறன். முறை எங்கையும் பிழைக்கேல்லை."

அங்கிள் பத்திரிகைக்குப் பின்னாலிருந்து, "எனக்கும் ஒருக்கால் சொல்லியிருக்கலாம்" என்றார். ஆனால் அன்று பின்னேரமே போய் எனக்கு வேட்டி வாங்கி வந்தார்.

கலியாணத்துக்கு ஒரு மாதத்துக்கு முன்னால் நாள் பார்த்தார்கள். "பேப்பர் விசயம் அங்கை வச்சுத் தீர்ப்பம், வா" என்று அன்ரி சொன்னதை நம்பி முதலாளி வந்தார். வாழைப்பழச் சீப்பும் பலகாரத் தட்டுமாகச் சொந்தக்காரர் பத்துப் பேர் பின்னால். கதவைத் திறந்த அன்ரி பட்டுச்சேலையில் நின்றார். பன்னீர் தெளித்து, சந்தனக் கும்பாவை நீட்டி, "வாங்கோ சம்பந்தி, வாங்கோ, இருங்கோ" என்றார்.

அன்ரி யாரைச் சொல்கிறார் என்று முதலாளி திரும்பிப் பின்னால் பார்த்தார்.

பத்தர் ஜன்னலோரம் சின்னச் சட்டியில் கரி மூட்டினார். வெற்றிலையில் பொன் நாணயம் வைத்து அங்கிள் கொடுக்கப்போனார். அன்ரி கையை மறித்தார்.

"கொஞ்சம் பொறுங்கோ. மாப்பிள்ளை வீட்டுக்காரர் எண்டால் சீதனம் பேசவேணும். நாங்கள் இன்னும் பேசேல்லை."

பத்தர் கரியை விட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தார். 

"அக்கா, என்ன விசர்க்கதை கதைக்கிறாய்?"

"அக்கா பிறகு. இப்ப நான் சம்பந்தி. கேளுங்கோ. வீடு உங்கடை மகளின்ரை. அதிலை ஒரு செங்கல் எங்கடை பெடியனுக்கு வேண்டாம். உங்கடை பயம் நியாயம். அவன் தன்ரை லோயரோடை போய், வாசிச்சு விளங்கிக் கையெழுத்து வைப்பான். எங்களுக்குச் சீதனமா ஒண்டே ஒண்டுதான் வேணும். அந்தக் கடைசிப் பந்தி. அதை வெட்டித் தாங்கோ."

"அதை வெட்டினால், நாளைக்கு இவர் சண்டை பிடிச்சுக்கொண்டு போனால்?"

"சண்டை பிடிக்கத்தான் வேணும்! புருசன் பெண்சாதி சண்டை பிடிக்காமல் என்ன குடும்பம்? ஒருத்தி கோபிச்சால் மற்றவன் பிளேன் ஏறவேணும் எண்டு எழுதி வச்சால் அவன் ஆயுசுக்கும் வாய் திறப்பானோ? வாய் திறக்காத ஒருத்தனைக் கட்டி வச்சு உங்கடை மகள் என்ன செய்யப்போறாள்?"

முதலாளி என்னைப் பார்த்தார். "நீர் சொல்லும்," என்றார்.

தயாரித்து வைத்த பேச்சு ஒன்றும் என்னிடம் இல்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். "முதலாளி, உங்கடை கடையிலை இத்தனை வருசத்திலை நான் உங்களை மறுத்து ஒரு சொல்லுக் கதைச்சனானோ? நல்ல பெடியன் எண்டு எல்லாருக்கும் சொல்லுறனீங்கள். நல்லவன் எண்டு இல்லை, பயம். விசா இல்லாதவன் ஆரோடையும் சண்டை பிடிக்க ஏலாது. தாரணியோடை எனக்கு அப்பிடி இருக்க விருப்பம் இல்லை."

 அவர் கதிரையில் உட்கார்ந்து, கொண்டுவந்திருந்த பேப்பரை எடுத்தார்.

"ஐயா, நல்ல நேரம் முடியப்போகுது," என்றார் பத்தர்.

கடையில் விலை எழுதுகிற பேனை முதலாளியின் காதில் எப்போதும் செருகியிருக்கும். அன்றைக்குப் பட்டு வேட்டி கட்டியும் அதை எடுக்க மறந்துவிட்டார். பேப்பரை மடியில் விரித்து, கடைசிப் பந்திக்குக் குறுக்கே கோடு இழுத்தார். ஒரு கோடு போதாது என்று நினைத்தாரோ என்னவோ, திரும்பத் திரும்ப இழுத்தார். பிறகு அதை வெற்றிலைத் தட்டில் வைத்து, இரண்டு கையாலும் அன்ரியிடம் நீட்டினார்.

"இந்தாங்கோ, சம்பந்தியம்மா."

எல்லாரும் ஒரேயடியாகச் சிரித்தார்கள். அழுததும் உண்டு. அந்த நேரம் பார்த்துப் பத்தர் ஊதிய ஊதலில் புகை எழும்பி, கூரையிலிருந்த புகை அலாரம் அலறத் தொடங்கியது. அங்கிள் கதிரையில் ஏறிப் பத்திரிகையால் விசிற, பொம்பிளை வீட்டுக்காரர் ஜன்னல்களைத் திறக்க, மேல்வீட்டு வெள்ளைக்கார மனிசி கீழே ஓடி வர, அவருக்கும் அன்ரி சந்தனம் வைத்துப் பலகாரத் தட்டை நீட்டிவிட்டார். மேளம் இல்லாத குறையை அலாரம் தீர்த்தது. அந்தச் சத்தத்துக்குள்தான் எங்கள் பொன் உருகியது.

உருகிய பொன்னை எல்லாரும் தொட்டுப் பார்த்து முடிய, அன்ரி என் பக்கம் திரும்பினார். முகம் மாறிவிட்டது.

"இப்ப நான் தாரணியின்ரை மாமியா மட்டும் சொல்லுறன். அந்தப் பிள்ளையின்ரை கண்ணிலை தண்ணி வந்துதோ, உம்மைத் தோலை உரிச்சுப்போடுவன்."

இரண்டு லோயர்மாரும் புதிதாக எழுதினார்கள். அவசரமில்லாமல் வாசித்து, விளங்கி, நானும் தாரணியும் கையெழுத்து வைத்தோம். கலியாணம் முடிக்க ஹோம் ஒஃபிஸ் அனுமதியும் வந்து சேர்ந்தது. கலியாண மண்டபத்தில் பெண் பக்கம் ஆள் கொள்ளவில்லை, மாப்பிள்ளை பக்கம் என் அறைப் பெடியங்கள் மூன்று பேர். அன்ரி எழும்பி, "இந்த வரிசை இஞ்சாலை வாங்கோ, நீங்களும் வாங்கோ, இஞ்சை ஆள் குறைவு" என்று கையைப் பிடித்து இழுத்து இழுத்து மாப்பிள்ளை பக்கத்தை நிரப்பினார். என்னை விசாக் கள்ளன் என்று சொன்ன சித்தப்பாவும் பிடிபட்டு முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார்.

கலியாணம் முடித்தால் விசா கையோடு வந்துவிடாது. பிறகும் மாதாமாதம் கையெழுத்து வைக்கப் போனேன். அன்ரி பிளாஸ்கில் தேத்தண்ணீரோடு வந்து வெளியே நிற்பார். நான் திரும்பி வருகிறேனா என்று பார்க்கத்தான் வந்தார் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதைச் சொல்லமாட்டார். வாசலில் நிற்கிற காவல்காரனை நான் ஏசினால், "அவனும் பாவம், முழு நாளும் எல்லாரிட்டையும் ஏச்சு வாங்குறான்" என்று அவனுக்கும் ஒரு கோப்பை ஊற்றிக் கொடுப்பார்.

எங்கள் வீட்டுச் சண்டைகளில் ஒரு விதி இருந்தது. நான் போன் எடுத்துத் தாரணியைப் பற்றிச் சொன்னால் அவள் பக்கத்தையும் கேட்பார். அவள் சொன்னால் என் பக்கத்தைக் கேட்பார். ஆனால் கடைசியில் தராசு எப்போதும் என் பக்கம்தான் சாயும். "அவனுக்கு இஞ்சை ஆர் இருக்கினம் பிள்ளை?" என்று முடித்துவிடுவார். தாரணி அதற்காக என்னோடு இன்னொரு சண்டை பிடிப்பாள். நான் உள்ளுக்குள் குளிர்ந்துபோய் இருப்பேன்.

பிறகு ஒருநாள் விசா வந்தது. வீட்டில் ஆளாளுக்குக் கத்தி, அழுது, அம்மாவுக்குப் போன் எடுத்து முடிந்ததும் ஒரு சண்டை வந்தது. கொண்டாட்டத்தைக் கடையொன்றில் பெரிதாக வைக்கவேண்டும் என்றேன் நான். வீட்டில் நண்டுக் கூழ் காய்ச்சினால் போதும் என்றாள் தாரணி. மாமா, ஆமாம், முதலாளியை நான் மாமா என்று கூப்பிடத் தொடங்கிக் கனகாலம், "மாப்பிள்ளை சொல்லுறதுதான் சரி" என்றார். தாரணியின் அம்மா, என் மாமி, அவரும் தலையாட்டினார். எனக்குத் தலை கால் தெரியவில்லை. அன்ரிக்குப் போன் எடுத்து, எல்லாரும் கேட்கும்படி வைத்தேன்.

விசா என்றதும், "அப்பனே முருகா!" என்று கத்தி, அங்கிளைக் கூப்பிட்டுச் சொல்லி, விக்கி விக்கி அழுதார். அழுது ஓய்ந்ததும் நான் வழக்கைச் சொன்னேன்.

"என்ரை தம்பி என்ன சொல்லுறான்?"

"மாமாவும் என்ரை பக்கம் அன்ரி. மாமியும்."

"அப்ப தாரணி?"

"அவள் தனிய."

"வீட்டிலை கூழ் காய்ச்சுங்கோ," என்றார். "நான் நண்டு வாங்கிக்கொண்டு வாறன்."

"என்ன அன்ரி, இண்டைக்காவது என்ரை பக்கம் நிக்கக்கூடாதோ?"

"தம்பி, உம்மடை பக்கம் இப்ப ஆள் இருக்கு."

போனை வைத்துவிட்டார். நான் திரும்பிப் பார்த்தேன். மாமா காதில் பேனையோடு நின்றார். மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். தாரணி இடுப்பில் கைவைத்துக்கொண்டு, வென்றுவிட்ட சிரிப்போடு நின்றாள். விசா வந்தபோது அழாத நான் அப்போதுதான் அழுதேன்.

"என்ன, கூழுக்கா அழுறீங்கள்?" என்றாள்.

"பெரிய பானையை எடும்," என்றேன். "எங்கடை ஆக்கள் எல்லாரும் வருவினம்."